சாம்பலோர் உள்ளே வரும் நேரம்

ஜூன் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதுகிற அளவுக்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த விளையாட்டின் உலகத்தை உருவாக்குகிற ஒவ்வொருவரும் ஒரு நாட்குறிப்பு எழுதிப் பொதுக் கோப்புறையில் போட வேண்டும் என்று சுதர்சன் சார் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். "உண்மையா எழுதுங்க. கேம் வந்தப்புறம் இதெல்லாம் வெளியிடலாம், ஃபேன்ஸுக்குப் பிடிக்கும்." எந்த மொழியில் என்று யாரோ கேட்டார்கள். எதிலும் எழுதலாம் என்றார். அதனால் தமிழில் எழுதுகிறேன். அதற்கும் மன்னிப்பு. ஆங்கிலத்தில் எழுதினால் உண்மையைவிட இலக்கணத்தைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் அஞ்சுகம். ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னபோது எதிரே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஓ, க்ரேட்" என்றார்கள். கோயம்புத்தூரில் இந்த நிறுவனத்தில் எனக்கு டெஸ்டர் வேலை. விளையாட்டுக்குள் இருக்கிற எல்லாச் சுவரிலும் முட்டிப் பார்த்து, முட்டக்கூடாத இடத்தில் முட்டினால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்று அது மாறிவிட்டது. நாங்கள் செய்துகொண்டிருக்கும் விளையாட்டின் பெயர் 'நெருப்பூர்'. கற்பனை நாடு. விளையாடுகிறவர் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அந்த நாட்டில் வாழலாம். அதற்கு எழுதிக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார். சுதர்சன் சார் அறையைச் சுற்றிப் பார்த்தார். நிறுவனத்தின் தலைவரும் அவர்தான், விளையாட்டின் இயக்குநரும் அவர்தான்.

"அஞ்சு, உங்க ஊர்ல கோயில், திருவிழா எல்லாம் பெருசா நடக்கும்ல மா?"

"நடக்கும் சார்."

"அப்ப நீ பண்ணு. இந்த நாட்டுக்கு ஒரு மதம். பூசாரிங்க யாரு, யாரு மேல, யாரு கீழ, ஃபுல் ஸ்ட்ரக்சர். நல்லா வந்தா செப்டம்பர்ல உன்னை வேர்ல்ட் ரைட்டரா கன்ஃபர்ம் பண்ணிடலாம்."

நன்றாக வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். விளையாட்டு வெளியானதும் டெஸ்டர்களின் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

கோயிலைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். வெளியிலிருந்துதான் தெரியும் என்று சொல்வதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

கடவுள் தயார். பெயர் அழல். உருவம் இல்லை. கல்குழிக்குள் எரிகிற ஒரு தீ. அதை அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த நாட்டின் மதம். வருகிறவர்கள் ஆளுக்கொரு சுள்ளி போட்டுவிட்டுப் போவார்கள். பூசாரி என்று தனியாக யாரும் கிடையாது. எல்லோரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

சுதர்சன் சார் கைப்பேசியிலேயே படித்தார்.

"அழகா இருக்கு மா. ஆனா கேம் எங்க?"

"சார்?"

"எல்லாரும் வர்றாங்க, சுள்ளி போடறாங்க, போறாங்க. இது ரேஷன் கடை மாதிரி இருக்கு. யாராவது யாரையாவது உள்ள விடக்கூடாது. அப்பதான் க்வெஸ்ட் வரும், விளையாடறவனுக்கு ஒரு வேலை கிடைக்கும்."

ரேஷன் கடையிலும் அது நடக்கும் என்று சொல்ல நினைத்தேன். சரி சார் என்றேன்.

ஜூன் 11, புதன்

படிகள் ஏழாகிவிட்டன. நான் ஐந்துதான் எழுதினேன். விற்பனைப் பிரிவில் ஏழு கேட்டார்கள். ஏழு படி இருந்தால் ஏழு விதமான அங்கிகள் விற்கலாம். ஒரு மதத்துக்கு எத்தனை படி வேண்டும் என்பது இப்படித்தான் முடிவாகும் என்று எனக்கு இதுவரை தெரியாது. உண்மையான மதங்களில் வேறு காரணங்கள் இருக்கலாம்.

மேலே இருப்பவர்கள் காண்போர். தீயைப் பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அடுத்து நெய் ஊற்றுகிற ஊட்டுவோர். பிறகு பாடுவோர், மணி அடிக்கிற மணியோர், கதவைக் காக்கிற வாயிலோர், விறகு சுமக்கிற விறகோர். கடைசியில் சாம்பலோர். அவர்கள் குழியிலிருந்து சாம்பலை அள்ளி வயலுக்குக் கொண்டு போவார்கள்.

அங்கிகளை வரைகிறவர் நிலோஃபர் அக்கா. உக்கடத்துக்காரர். காண்போருக்கு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். தங்க இழை காற்றில் அசைய வேண்டுமாம்.

"சாம்பலோருக்கு அக்கா?"

"கண்ணு, கடைசிப் படிக்கு டைம் ஒதுக்கலைங்களே. சந்தைத் தெருவுல பிச்சைக்காரருக்கு ஒரு துணி வரைஞ்சு வச்சிருக்கறேன். அதையே போட்டுடலாங்களா?"

போட்டுவிட்டோம்.

ஜூன் 20, வெள்ளி

என் அடையாள அட்டை டிசைன் அறைக் கதவைத் திறக்கவில்லை. டெஸ்டர் அட்டை அது. மாற்றித் தரும்படி எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை யாராவது உள்ளே போகும்போது கூடவே நுழைந்துகொள்கிறேன்.

ஜூலை 2, புதன்

அம்மா போன் செய்தாள். பஞ்சாயத்தில் தூய்மைப் பணியாளர் அம்மா. மத்தியானம் வேலை முடிந்ததும் பேசுவாள்.

"நல்லா கீறியாடி? இன்னா வேல குடுத்துக்கீறாங்க இப்ப?"

"ஒரு சாமியை உண்டாக்கியிருக்கேன்மா."

"இன்னாது?"

விளக்கிச் சொன்னேன். தீ, குழி, ஏழு படி. கவனமாகக் கேட்டாள்.

"இதுக்குப் போயி சம்பளம் தராங்களா?"

"தராங்கம்மா."

"சரி. அதுல நாம எங்க கீறம்?"

விளையாட்டு முழுக்கக் கற்பனை, நாம் யாரும் அதில் இல்லை என்றேன். அப்படியா என்றாள். பிறகு ஊர்க் கதை பேசினோம். ஆடித் திருவிழாவுக்குக் கொடி ஏறப் போகிறது. தேர் இந்த வருடமும் பள்ளிக்கூடத்தோடு திரும்பிவிடுமாம். எங்கள் தெரு குறுகல், தேர் நுழையாது என்பார்கள். அறுவடை சமயத்தில் கரும்பு லாரி அந்தத் தெரு வழியாகத்தான் வரும்.

ஜூலை 14, திங்கள்

கோயில் தயாராகிவிட்டது. ஏழு படிகளிலும் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து நாள் முழுக்க விளையாடிப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு பிழை இருந்திருக்கிறது.

வெளியாட்கள் சிலருக்கு விளையாட்டை முன்கூட்டியே கொடுத்திருந்தோம். அவர்களில் ஒருவர் புகார் எழுதியிருந்தார்: 'சாம்பலோராக விளையாடினால் கருவறைக்குள் போக முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று தடுக்கிறது.'

புரோகிராமர் ஜெரால்ட் தூத்துக்குடிக்காரர். எதற்கும் சிரிக்கிறவர். தேடிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். எந்தப் படிக்காரர் எந்த வாசலில் நுழையலாம் என்று நிரப்புகிற இடத்தில் கடைசிப் படியைக் காலியாக விட்டிருக்கிறார். காலியாக விட்டால் அனுமதி இல்லை என்று கணினி எடுத்துக்கொள்ளும். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இத நீங்கதான டெஸ்ட் பண்ணீய?"

"ஆமா."

"சாம்பலோராவும் வெளையாண்டீயளா?"

"விளையாடினேன்."

"வாசல்ல முட்டலையா?"

"முட்டினேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்துட்டேன்."

ஜெரால்ட் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நான் பொய் சொல்லவில்லை. மற்ற ஆறு பாத்திரங்களும் உள்ளே போயின. ஏழாவது போகவில்லை. அது சுவர் என்றே எனக்குத் தோன்றவில்லை. வாசல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த தூணைச் சுற்றி வந்தேன். தூணில் செதுக்கல் நன்றாக இருந்தது. அதைக்கூட அறிக்கையில் எழுதியிருந்தேன்.

ஜெரால்ட் சரிசெய்யப் போனார். அதற்குள் சுதர்சன் சார் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வெயிட். தொடாத. கதவு திறந்திருக்கு, ஆனா போக முடியாது. யாரும் தடுக்கல, ஆனா தடுக்கப்படறோம். இது பக் இல்லப்பா, ஃபீச்சர்! அஞ்சு, வேணும்னேதான் விட்டியா?"

நான் வாயைத் திறந்தேன்.

"ரொம்ப சட்டிலான ஐடியா மா. சூப்பர். இதுக்கு ஒரு காரணம் எழுதிடு, புராணம் மாதிரி. அவங்க ஏன் உள்ள வரக்கூடாதுன்னு."

எழுதினேன். அழல் முதன்முதலில் தோன்றியபோது சாம்பலோரின் முன்னோர் முதுகைக் காட்டி நின்றார்கள் என்று ஒரு கதை. சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. படித்துப் பார்த்தால் ரொம்பப் பழைய கதை மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

"சாமி செத்துப்போச்சு" என்றார் ஜெரால்ட்.

விறகு போட்டால் சாம்பல் சேர வேண்டும் என்று நான் ஆவணத்தில் எழுதியிருந்ததை அவர் சென்ற வாரம் விளையாட்டுக்குள் கொண்டுவந்தார். ஓடவிட்டுப் பார்த்தார். விறகோர் விறகு கொண்டுவந்தார்கள், ஊட்டுவோர் நெய் ஊற்றினார்கள், பாடுவோர் பாடினார்கள், காண்போர் கண்டார்கள். எல்லாம் ஒழுங்கு. சாம்பலோர் மட்டும் கூடையோடு வாசலில் வந்து நின்று, சுவரில் முட்டித் திரும்பிப் போனார்கள். குழி நிரம்பிவிட்டது. தீ புகைந்து அணைந்தது. அணைந்த குழியைச் சுற்றி நின்று காண்போர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சுவத்த எடுத்துருவமா சார்?" என்று ஜெரால்ட் கேட்டார்.

சுதர்சன் சாருக்கு மனமில்லை. அந்தச் சுவரைப் பற்றி வெளியீட்டாளர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம். அவர்கள் புல்லரித்துப் போனார்களாம்.

"சுவர் இருக்கணும். சாம்பலும் வெளிய வரணும். அவங்க உள்ள வரவே கூடாது, ஆனா வேலை நடக்கணும். ரியல் லைஃப்ல இப்படி ஒண்ணு இருந்தா எப்படி மேனேஜ் பண்ணுவாங்க? யோசி மா. வெள்ளிக்கிழமை சொல்லு."

யோசிக்க வெள்ளிக்கிழமை வரை தேவைப்படவில்லை. ஆனாலும் அதுவரை காத்திருந்தேன். உடனே சொல்லிவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

விடிவதற்கு முன்பு, முதல் மணி அடிப்பதற்கு முன்பு, சுவர் இல்லாமல் போகும். அப்போது சாம்பலோர் உள்ளே வருவார்கள். வாயிலோர் வேறு பக்கம் திரும்பி நிற்பார்கள். சாம்பலை அள்ளியதும் சாம்பலோர் வெளியே போய்விட வேண்டும். அவர்கள் கால் பட்ட இடத்தில் விறகோர் தண்ணீர் தெளிப்பார்கள். பிறகு மணி. பிறகு காண்போர் வருவார்கள். சாம்பலோர் ஒருபோதும் உள்ளே வந்ததில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சாம்பலோரும் அப்படியே சொல்வார்கள்.



"ப்ரில்லியன்ட்!" சுதர்சன் சார் எழுந்தே விட்டார். "அவங்க வந்தா தீட்டு. வரலைன்னா சாமியே இல்ல. தண்ணி தெளிக்கறது... ஐயோ, அந்த டீட்டெயில்! எங்கேந்து மா புடிக்கற இதெல்லாம்?"

"சும்மா... கற்பனை சார்."

"டார்க் இமாஜினேஷன் உனக்கு. ஜெரால்ட், அந்தத் தண்ணி அனிமேஷன் பக்காவா வரணும்."

போன வாரம்தான் அம்மா சொன்னாள். திருவிழாவுக்கு முதல் நாள் விடியற்காலையில் கோயில் உள்பிராகாரத்தைப் பெருக்க அவளையும் இன்னும் சில பேரையும் கூப்பிட்டார்களாம். "நாங்க பெருக்கிட்டு வெளிய வந்ததும் மறுக்கா கழுவி உடுவாங்க. ரெண்டு வாட்டி சுத்தம் பண்றாங்க, பாரேன், அவ்ளோ சுத்தம் எங்க கோயிலு" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா என்று போனில் தெரியவில்லை. அம்மா அப்படித்தான்.

சாயங்காலம் நிலோஃபர் அக்கா டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"கற்பனைன்னு சொன்னீங்களே கண்ணு."

"ஆமாக்கா."

"எங்க பக்கமும் அந்தக் கற்பனை நெறைய இருக்குதுங்க." டீ ஆறப் போகிறது, குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நல்ல செய்திகள். கூட்டத்தில் இனி நான் நிற்க வேண்டாம், எனக்கு நாற்காலி உண்டு. ஒரு இணைய இதழில் சுதர்சன் சாரின் பேட்டி வந்திருக்கிறது. நெருப்பூரின் மதத்தைப் பற்றி ஒரு பக்கம். 'எங்கள் குழு பல மாதங்கள் ஆராய்ந்து உருவாக்கியது' என்று சொல்லியிருக்கிறார். என் பெயர் இல்லை. குழு என்றால் நானும்தான்.

என்னை வேர்ல்ட் ரைட்டராக உறுதிசெய்கிற கடிதம் தட்டச்சாகிவிட்டதாம். படிநிலை ஆவணத்தை முழுதாக முடித்துக் கொடுத்ததும் கையெழுத்து. அறைக் கதவு இன்னும் என் அட்டைக்குத் திறக்கவில்லை. இன்று ஜெரால்ட் வரும்வரை வெளியே நின்றேன். "உள்ள இருக்கிற உலகத்தயே நீங்கதான கட்டுனீய, ஒரு கதவு தொறக்க மாட்டேங்குதா?" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று விளையாட்டை வெளியாட்கள் இங்கேயே வந்து விளையாடினார்கள். கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கலவையாக. நாங்கள் பின்னால் நின்று பார்க்கலாம், பேசக்கூடாது.

பெரும்பாலானவர்கள் காண்போரைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்க இழை. கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்ச் சந்தையில் சண்டை போடப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் சாம்பலோரை எடுத்தாள். பொள்ளாச்சியில் ஏதோ கடையில் வேலை என்று வருகைப் பதிவில் எழுதியிருந்தாள். பெயர் சரோஜினி. ஏன் அதை எடுத்தாள் என்று தெரியவில்லை. அந்தத் துணியின் நிறம் பிடித்திருந்ததோ என்னவோ.

விடிவதற்கு முன்பு சுவர் விலகியது. கூடையோடு உள்ளே போனாள். சாம்பலை அள்ளினாள். 'வெளியேறு' என்று திரையில் வந்தது.

அவள் வெளியேறவில்லை.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பாத்திரம் குழியின் ஓரத்தில் நின்றது. பொழுது விடிந்தது. சுவர் திரும்ப வந்துவிட்டது, ஆனால் அவள் அதற்கு உள்பக்கம் இருக்கிறாள். உள்ளே வருகிறவர்களைத்தான் சுவர் தடுக்கும். உள்ளே இருப்பவரை என்ன செய்வது என்று நாங்கள் யாரும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுத வேண்டும். விறகோர் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார்கள். அவள் போனால்தான் தெளிக்க முடியும். தெளித்தால்தான் மணி. மணியோர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். மணி அடித்தால்தான் பாட்டு. பாடுவோர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நெய்க் கிண்ணங்களோடு ஊட்டுவோர். எல்லோருக்கும் பின்னால், கோயிலுக்கு வெளியே, வெயிலில், தங்க அங்கிகள் அசைய அசையக் காண்போர். வரிசை தெருமுனை வரை போனது. ஊர் முழுக்க நின்றுவிட்டது.

உள்ளே அவளும் தீயும் மட்டும்.

ஜெரால்ட் அறையை விட்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார். சரோஜினி திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டனுங்களா?"

பேசக்கூடாது என்பது விதி. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இங்க நல்லாருக்குதுங்க. கொஞ்ச நேரம் இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

செப்டம்பர் 10, புதன்

சுதர்சன் சார் கோபமாக இருக்கிறார். அடுத்த வாரம் வெளியீட்டாளர்களுக்கு விளையாடிக் காட்ட வேண்டும்.

"ஒரு சாம்பல் அள்றவ நின்னா மொத்த நாடும் ஹேங் ஆகுமா? என்ன டிசைன் இது? அஞ்சு, ஒரு ரூல் எழுது. விடிஞ்சும் உள்ள இருந்தா வாயிலோர் வந்து இழுத்து வெளிய போடறாங்க. முடிஞ்சா ஒரு தண்டனை. அதுக்கும் உன் ஸ்டைல்ல ஒரு புராணம்."

"சார், அவங்க வேணும்னு..."

"என்ன மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"இது ஒண்ணுதான் பாக்கி. திங்கட்கிழமை டாக்குமென்ட் குடு, கடிதத்துல சைன் பண்ணிடறேன். நீ நல்லா பண்ணிருக்க மா. கடைசில சொதப்பிடாத."

நிலோஃபர் அக்காவிடம் இழுத்துப் போடுகிற அசைவுகளை வரையச் சொல்லிவிட்டார். அக்கா எனக்கு அனுப்பிக் கேட்டார்: 'முடியைப் புடிச்சா, கையைப் புடிச்சா? நீங்க சொல்லுங்க கண்ணு, எனக்கு ரெண்டும் வரைய வரலை.'

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதிப் பார்த்தேன். முதலில் வாயிலோர் வந்து கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்புறம், அழலே சினந்து சுடுகிறது என்று மாற்றினேன். அப்புறம், அவள் தெருவுக்கே ஒரு வருடம் தீ கிடையாது என்று எழுதினேன். அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

மத்தியானம் அம்மாவிடம் பேசினேன். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கோயிலுக்குள்ள பெருக்கப் போறியே, சாமியைப் பார்ப்பியா?"

"எங்கடி பாக்கறது? குனிஞ்சி பெருக்கறப்ப சாமி காலு தெரியும். நிமிர்றதுக்குள்ள 'ஆச்சா, ஆச்சா'ன்னு கொரலு வந்துடும். வந்துருவம்."

"முகம்?"

"காலண்டர்ல கீதே." கரண்டி சத்தம் கேட்டது. "ஏன்டி, உன் வேலைக்கு வேணுமா?"

"ஆமாம்மா, வேலைக்குத்தான்."

"காலு அழகா கீதுன்னு எழுதிக்கோ."

செப்டம்பர் 15, திங்கள்

சுதர்சன் சாருக்கு,

இந்தக் கோப்பை இதுவரை யாரும் திறக்கவில்லை என்று ஓரத்தில் காட்டுகிறது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு எழுதினேன். இன்று இதை நானே உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களைப் பற்றி எழுதியிருப்பதில் ஏதாவது வருத்தம் தந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உண்மையாக எழுதச் சொல்லியிருந்தீர்கள்.

படிநிலை ஆவணத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது, 'விடிந்த பிறகு' என்ற ஒரு பக்கம் தவிர. மறந்துபோய் விடவில்லை. எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் நன்றாகவே வந்தது. உங்களுக்குப் பிடித்திருக்கும். அதனால்தான் அழித்துவிட்டேன்.

ஜெரால்டிடம் கேட்டுவிட்டேன். வரிசை எவ்வளவு நேரம் நின்றாலும் விளையாட்டில் எதுவும் உடையாது என்கிறார். தீயும் அணையாது. சாம்பலைத்தான் அள்ளியாகிவிட்டதே. நிற்பவர்களுக்குக் கால் வலிக்காது, அவர்கள் வரையப்பட்டவர்கள். வெளியீட்டாளர்கள் கேட்டால், இதுவும் ஃபீச்சர்தான் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் நம்புகிற மாதிரி சொல்வீர்கள்.

ஆவணம் முழுமையாக இல்லை என்று கடிதத்தை நிறுத்தி வைத்தால் எனக்குப் புரியும். டெஸ்டர் வேலை நவம்பர் வரை இருக்கிறது. சுவர்களில் இன்னும் கொஞ்சம் கவனமாக முட்டுவேன்.

உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அந்த அட்டையைக்கூட ஐடி பிரிவில்தான் கேட்டேன். இப்போது ஒன்று கேட்கிறேன். அவளை வெளியே இழுக்கிற விதி வேண்டாம் சார். அவள் நிமிர்ந்து பார்க்கட்டும். பார்த்து முடித்ததும் அவளே வெளியே வருவாள். அதுவரை மற்ற எல்லோரும் வாசலில் நிற்கட்டும்.